சம்பளம் வாங்குகிறார், வீட்டுச் சாவி மட்டும் கையில் இல்லை

என்னிடம் வரும் பெற்றோரில் பலர் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?" ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும்), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) என்று பெயர் எதுவாக இருந்தாலும், பிள்ளைக்கு 25 வயது ஆகிவிட்டால் இந்தக் கவலை அந்த வீட்டைத் தூங்கவிடுவதில்லை. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள மனிதர்களைப் பழக்குவது என் தொழில். அதனால் நானும் அன்றாடத்தைப் பற்றியே திருப்பிக் கேட்கிறேன். வீட்டுச் சாவி ஒன்று இவரிடம் இருக்கிறதா? ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கிறது? இன்று போட்டிருக்கும் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்தது யார்?

அலுவலகத்தில் ஜிஎஸ்டி கணக்கைப் பிழையில்லாமல் முடிக்கிற ஒருவருக்கு, காலையில் அம்மா பஸ் சில்லறையை எண்ணிக் கையில் கொடுத்து அனுப்புகிறார். இப்படிப்பட்ட வீடுகளை நிறையப் பார்க்கிறேன். எல்லாம் அன்பினால் நடப்பதுதான், சந்தேகமில்லை. ஆனால் "பிறகு யார்?" என்ற கேள்விக்கு ஓர் ஆளைத் தேடுவதைவிட, பெற்றோர் பக்கத்தில் இருக்கும் இந்த நாட்களிலேயே ஒவ்வொரு பொறுப்பாகப் பிள்ளையின் கைக்கு மாற்றுவதுதான் நம்பகமான வழி. (கீழே வரும் மனிதர்கள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சமையலறையில் தொடங்கலாம். ஆட்டிசம் உள்ள பலருக்குப் பசியும் தாகமும் உடனே உறைப்பதில்லை. தலை வலித்து, எரிச்சல் முற்றிய பிறகுதான் சாப்பிடவில்லை என்பதே தெரியவரும். "பசித்தால் தானே சாப்பிடுவான்" என்று இவர்களை விட்டுவிட முடியாது. ஒரு மணிக்குக் கைபேசியில் அலாரம், எட்டும் இடத்தில் சாப்பாடு, இரண்டும் வேண்டும்.

ஒரு வீட்டில், மகள் அடுப்புப் பக்கமே வருவதில்லை, சோம்பேறி என்றார்கள். விசாரித்தால், நெருப்பு அவரைத் துளியும் பயமுறுத்தவில்லை. எந்த நொடியில் அலறும் என்று தெரியாத குக்கர் விசில்தான் அவரை விரட்டியிருந்தது. மின்சார ரைஸ் குக்கர் வந்தது. அளவுக் கோடு உண்டு, விசில் இல்லை, சோறு வெந்ததும் தானே நின்றுவிடும். இப்போது அந்த வீட்டில் இரவுச் சோறு அவர் பொறுப்பு.

கற்றுக்கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கடைசிப் படியை முதலில் கொடுங்கள். தேநீர் என்றால் கொதிக்கவைப்பதுவரை அம்மா செய்யட்டும், வடிகட்டித் தம்ளரில் ஊற்றுவதை மட்டும் பிள்ளை செய்யட்டும். அது கைவந்ததும் சர்க்கரை, பிறகு தூள், பிறகு பால் என்று பின்னோக்கிப் போக வேண்டும். இப்படிப் பழகினால் ஒவ்வொரு முறையும் முடித்த தேநீர் அவர் கையில்தான் இருக்கும். முதல் படியில் தொடங்கினால் பாதியில் பொறுமையிழந்து அம்மா வாங்கிக்கொள்வார். முடித்த நிறைவும் அவரோடு போய்விடும்.

பணத்துக்குத் தனிக் கணக்கு ஒன்று போதும். சம்பளம் ஒரு வங்கிக் கணக்கில் இருக்கட்டும், யுபிஐ செயலியோடு இணைக்கும் கணக்கில் வாரச் செலவுக்கான தொகை மட்டும் இருக்கட்டும். அதை அவர் விருப்பப்படி செலவழிக்கட்டும், வாரம் முடியும் முன்பே தீர்ந்துபோனாலும் போகட்டும். சொல்வதை அப்படியே நம்புகிற இயல்புள்ளவர்களை மோசடிக்காரர்கள் எளிதில் வளைத்துவிடுகிறார்கள். "கவனமாக இரு" என்ற அறிவுரை இவர்களுக்கு உதவாது. எழுதி ஒட்டிய விதிகள் உதவும்: பணம் வாங்க பின் எண் தேவையில்லை, ஓடிபி கேட்டால் அழைப்பைத் துண்டிக்க வேண்டும், பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும்.

வேலைக்கு வருவோம். வேலை போய்விட்டது என்று வருகிறவர்களில், அந்த வேலை தெரியாததால் அதை இழந்தவர்கள் மிகக் குறைவு. வேலையைச் சுற்றியுள்ளவைதான் அவர்களை வீழ்த்துகின்றன. ஓர் இளைஞர் சரக்கு இருப்புக் கணக்கு பார்த்துவந்தார். "கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்" என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போவார். சீக்கிரம் என்றால் இன்று மதியமா, நாளையா? கேட்டால் எரிச்சல், கேட்காவிட்டால் தாமதம். மேலே மின்விசிறியின் கடகடப்பு, எதிரே ஆட்கள் நடக்கும் வழி. மதிய உணவின்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற மேசை. மூன்றே மாற்றங்கள் கேட்டோம். வேலையைச் சொல்லும்போது நாளும் மணியும் சேர்த்துக் குறுஞ்செய்தியாக அனுப்புவது, சுவரைப் பார்த்த இருக்கை, மதியம் தனியாகச் சாப்பிட அனுமதி. நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை. இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

ஏடிஎச்டி உள்ளவர்களின் சிக்கல் வேறு மாதிரி. செய்ய வேண்டியது தெரியும், ஆசையும் இருக்கும், தொடங்க மட்டும் முடியாது. "அக்கறை இல்லை" என்று இதற்குப் பெயர் வைப்பது கொடுமை. பக்கத்தில் இன்னொருவர் தன் வேலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாலே பலருக்குக் கை ஓடத் தொடங்குகிறது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள் நண்பரோடு வீடியோ அழைப்பைத் திறந்துவைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள்.

"ஆபீஸில் நல்ல பெயர், வீட்டுக்கு வந்தால்தான் யாரோடும் பேசுவதில்லை" என்பது அடிக்கடி வரும் புகார். நாள் முழுவதும் கண்ணைப் பார்த்துப் பேசி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, கை அசைவை அடக்கி, மற்றவர்களைப் போல இருந்துகாட்டியவர் வீட்டு வாசலில் வெறும் கூடாகத்தான் வந்து நிற்பார். அந்த நேரத்தில் "இன்று என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். ஒரு மணி நேரம் அவரை அவருடைய பொழுதுபோக்கோடு விட்டுவிடுங்கள்.

பொழுதுபோக்கைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பஸ் தடங்களை எண் வாரியாக எழுதிவைப்பதோ, பழைய நாணயம் சேர்ப்பதோ, ஒரே ராகத்தைப் பத்துப் பேர் பாடிக் கேட்பதோ, எதுவானாலும் அது அவருடைய ஓய்வு. "சொன்னதைச் செய்தால்தான் லேப்டாப்" என்று அதைப் பணயமாக்கக் கூடாது. அதை வருமானமாக மாற்றும் அவசரமும் வேண்டாம். புள்ளிக் கோலத்தில் தனக்கென்று வடிவங்கள் கண்டுபிடித்த ஒரு பெண்ணைக் குடும்பத்தினர் பெருமையோடு போட்டிக்கு அழைத்துப் போனார்கள். ஒலிபெருக்கி, கூட்டம், நேரக் கெடு, நடுவர். திரும்பி வந்தவர் மாதக்கணக்கில் கோலமாவைத் தொடவில்லை. அவரே விரும்பி விற்க நினைத்தால் அது வேறு, அப்போது துணை நிற்கலாம்.

நட்பும் இந்த வழியாகத்தான் வரும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பறவை பார்க்கப் போகும் குழு ஒன்றில் ஒருவர் சேர்ந்தார். அங்கே யாரும் யார் கண்ணையும் பார்ப்பதில்லை, எல்லோரும் பறவையைப் பார்க்கிறார்கள். மெதுவாகப் பேசுவதுதான் அங்கே மரியாதை. நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்கும்போது, போதும் என்று யாரும் நிறுத்துவதில்லை.

இனி சட்டம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும், டிஸ்லெக்சியா அடங்கிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏடிஎச்டி தனியாக இல்லை. அது மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு மத்திய, மாநில அரசுப் பணிகளில் குறைந்தது 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது சட்டம். வேலையில் சேரும்போதே அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பிள்ளைக்கு 18 வயதானதும் பெற்றோர் இயல்பாகவே பாதுகாவலராக இருக்கும் நிலை முடிந்துவிடுகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேவைப்பட்டால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கோரலாம். "எதற்கும் இருக்கட்டும்" என்று உடனே எல்லோரும் இதற்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. 2016 சட்டத்தில் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்ற ஏற்பாடு இருக்கிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், பாதுகாவலரும் அந்த நபரும் கூடிப் பேசி முடிவெடுப்பது அது. எந்த வழியில் போவதானாலும், விண்ணப்பத்தை நிரப்பும் முன் எவற்றைத் தானே முடிவு செய்ய விரும்புகிறார், எவற்றுக்குத் துணை வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பேச்சு வராதவர் என்றால் படங்களைக் காட்டியோ தட்டச்சு செய்யச் சொல்லியோ கேளுங்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆனாலும் பொறுத்திருங்கள்.