எரிவாயுச் சுடரால் குளிரும் பெட்டி

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கனடாவிலுள்ள மகளின் குடும்பத்தோடு, ஆர்வி எனப்படும் வீட்டு வண்டியில், ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவுக்குச் செல்லவிருக்கிறோம்; ஏரிக்கரையில் எங்களுக்குக் கிடைத்த இடத்தில் மின்னிணைப்பு இல்லை; வண்டியிலுள்ள குளிர்சாதனப் பெட்டி காஸிலேயே இயங்கும் என்கிறார் மருமகன்; நெருப்பை மூட்டிக் குளிரைப் பெறுவது எவ்வாறு?

ஏனைய ஆயத்தங்கள் எளியவை. நீர்த்தாங்கியை நிரப்பிக்கொண்டு புறப்பட வேண்டும். கழிவுநீர்த்தாங்கியை அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டுமே வெறுமையாக்க வேண்டும். 12 வோல்ற்றுப் பற்றரி விளக்குகளுக்கும் நீர்ப்பம்பிக்கும் போதுமானது; குளிர்சாதனப் பெட்டியின் வெப்பச்சுருளையும் அதனோடு இணைத்தால் ஓரிரவு தாங்குவதே கடினம். அதனாற்றான் அங்கே காஸ் தேவைப்படுகிறது.

வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டியில் மோட்டார் ஒன்று வாயுவை அமுக்குகிறது. இந்தப் பெட்டியிலோ அசையும் உறுப்பு எதுவுமில்லை. முற்றாக மூடப்பட்ட உருக்குக் குழாய்களுக்குள் அமோனியா, நீர், ஐதரசன் ஆகிய மூன்றும் அடைக்கப்பட்டுள்ளன. சிறிய சுடர் ஒன்று செறிந்த அமோனியாக் கரைசலைச் சூடாக்க, நீரை முந்திக்கொண்டு அமோனியா ஆவியாகி மேலெழுகிறது. அதன் குமிழிகளே ஒடுங்கிய குழாயினூடாகக் கரைசலையும் மேலே தள்ளிச் செல்கின்றன. பெட்டியின் பின்புறத்தில் வெளிக்காற்றுப் பட்டு ஆவி திரவமாகிறது. குழாய்களுக்குள் வளிமண்டல அமுக்கத்தைப்போலப் பல மடங்கு அமுக்கம் இருப்பதால், சாதாரண வெப்பநிலையிலேயே இது நிகழ்ந்துவிடுகிறது.

ஆனால் அதே உயர் அமுக்கம் இப்போது தடையாகிறது. பெட்டிக்குள் வந்து சேரும் திரவ அமோனியா ஆவியானாற்றான் குளிர் உண்டாகும். குழாய்த்தொகுதி முழுவதும் ஒரே அமுக்கம் நிலவும்போது அது ஏன் தாழ்ந்த வெப்பநிலையில் ஆவியாக வேண்டும்? அதற்கு விடை ஐதரசன். உயர்தர வகுப்பில் படித்த தாற்றனின் பகுதியமுக்க விதியை நினைவுகூருங்கள்: ஒரு திரவம் ஆவியாவதைத் தடுப்பது மொத்த அமுக்கமன்று, அதே பொருளின் ஆவி தரும் அமுக்கமே. கொழும்பின் ஈரக்காற்றில் மண்பானைத் தண்ணீர் அதிகம் குளிர்வதில்லை. யாழ்ப்பாணத்தில் வறண்ட சோளகம் வீசும்போது நன்றாகக் குளிர்கிறது. இரண்டு இடங்களிலும் வளிமண்டல அமுக்கம் ஏறக்குறைய ஒன்றுதான், காற்றிலுள்ள நீராவியின் அளவுதான் வேறு. அமோனியாவுக்கு ஐதரசனே அந்த வறண்ட காற்று. மொத்த அமுக்கத்தின் பெரும்பங்கை ஐதரசன் ஏற்றுக்கொள்ள, அமோனியா தடையின்றி ஆவியாகி, கிலோகிராமுக்கு ஏறத்தாழ 1,300 கிலோயூல் வெப்பத்தை உணவிலிருந்து கவர்ந்துகொள்கிறது.

அமோனியா கலந்த வாயு தனி ஐதரசனைவிடப் பாரமானது. ஆகவே தானாகவே கீழிறங்குகிறது. அங்கே, கொதிகலனிலிருந்து திரும்பும் நீர்த்த கரைசல் அமோனியாவைக் கரைத்துக்கொள்ள, நீரில் எளிதிற் கரையாத ஐதரசன் இலேசாகி மீண்டும் மேலேறுகிறது. சுடரின் வெப்பமும் புவியீர்ப்பும் மட்டுமே இத்தனையையும் நடத்துகின்றன என்பதைப் படிக்குந்தோறும் எனக்கு வியப்பு மாறுவதில்லை.

இதனை 1922 இல் உருவாக்கியவர்கள் ஸ்ரொக்ஹோம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இரு மாணவர்கள், பல்ட்ஸார் வொன் பிளாற்றனும் கார்ல் முண்டர்ஸும். 1925 இல் எலெக்ரோலக்ஸ் நிறுவனம் அதன் உற்பத்தியைத் தொடங்கியது. நம் நாடு ஆய்வுக்குச் செலவிடும் தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு வீதத்தை நெருங்குவதுகூட இல்லை. நம் பொறியியல் பீட மாணவர்களின் இறுதியாண்டுச் செயற்றிட்டங்கள் மதிப்பெண் இட்டதும் அலுமாரிக்குள் போய்விடாமல் அடுத்த மாதிரியைச் செய்து பார்க்கவாவது பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி மருமகனுக்குச் சொல்ல வேண்டியது. எல்லாம் புவியீர்ப்பால் ஓடுவதால், வண்டி சரிந்து நின்றால் திரவம் குழாய் மடிப்புகளில் தேங்கிவிடும். கொதிகலன் வறண்டு அளவுக்கு மீறிச் சூடேறும். துரு ஏறாதிருக்கச் சேர்த்துள்ள சோடியங் குரோமேற்று படிகமாகிக் குழாயை அடைத்துவிடக்கூடும். அவ்வாறு அடைபட்டால் குளிரூட்டும் தொகுதியையே மாற்ற நேரிடும். ஏரிக்கரை நிலம் பெரும்பாலும் நீரை நோக்கிச் சரிந்திருக்கும். ஆதலால், சில்லுகளுக்குக் கீழே பலகை வைத்து, இரசமட்டத்தால் இரு திசைகளிலும் சரிபார்த்த பின்னரே சுடரை ஏற்ற வேண்டும். பெட்டி குளிர்வதற்குப் பல மணித்தியாலங்கள் எடுக்குமாகையால், புறப்படுவதற்கு முதல் நாளிரவே வீட்டு மின்சாரத்தில் இயக்கி, ஏற்கெனவே குளிரூட்டிய உணவையே உள்ளே வைப்பது நல்லது. எரிபொருள் நிரப்பும் நிலையத்தை அடையுமுன் சுடர் கட்டாயமாக அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.