தொங்கும் நூலை இழுக்காதீர்கள்: ஹினா மத்சுரியும் வீட்டுப் பூனையும்

இந்த வருஷமும் மார்ச் 3 முடிந்த கையோடு ஒரு பூனையின் வயிற்றைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. டோக்கியோவில் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் இதையே சொல்லிச் சொல்லி அலுத்துப் போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

மார்ச் 3 அன்று வரும் ஹினா மத்சுரி, ஜப்பானில் பெண் குழந்தைகளுக்கான பொம்மைப் பண்டிகை. பிப்ரவரியிலேயே சிவப்புத் துணி விரித்து, கொலுப்படி மாதிரி ஏழு படி வரை கட்டி, உச்சியில் பேரரசர், பேரரசி, அடுத்து மூன்று பணிப்பெண்கள், அதற்கடுத்து ஐந்து வாத்தியக்காரர்கள், இரண்டு அமைச்சர்கள், மூன்று ஏவலாட்கள் என்று மொத்தம் 15 பொம்மைகள் வைப்பார்கள். பிப்ரவரி 22 இங்கே பூனை தினம் வேறு. இரண்டுக்கு ‘நி’ என்பார்கள், 2/22 என்ற தேதியில் மூன்று ‘இரண்டு’ சேர்ந்தால் ‘நியான் நியான் நியான்’, அதுதான் ஜப்பானியப் பூனையின் மியாவ். பொம்மைப் படி நடுவீட்டில் இருக்கும்போதே அந்த நாளும் வருவதால், பூனைக்குக் கிமோனோ போட்டு பேரரசி இடத்தில் உட்கார வைத்துப் படம் எடுக்கும் ஆசை பலருக்கு வந்துவிடுகிறது. அந்த ஆசை எனக்கும் புரிகிறது, படங்கள் அவ்வளவு அழகு.

இந்த முறை வந்தது இரண்டு வயதுப் பெண் பூனை. இரண்டு நாளாக வாந்தி, சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினால் அடியில் பச்சைப் பட்டு நூல் ஒன்று வளைந்து மாட்டி, சதைக்குள் வெட்டி இறங்கியிருந்தது. அதற்குக் கிமோனோ தைத்த அதே நூல். மறுமுனை பின்பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறது, வீட்டில் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

‘வெளியே வந்துவிட்டதே டாக்டர், இழுத்தால் மீதியும் வந்துவிடும்தானே?’ இந்தக் கேள்விதான் என்னைப் பொறுமையிழக்க வைக்கிறது. வராது. ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டிருக்கும். குடல் நகர்ந்து நகர்ந்து அந்த நூலின்மேல் சுருங்கி ஏறும், பாவாடை நாடாவில் துணி சுருங்கி நிற்குமே, அப்படி. அந்த நிலையில் இழுத்தால் சுருக்கு இன்னும் இறுகி, ஒவ்வொரு வளைவிலும் நூல் குடலை அறுக்கும். ‘போன தடவை இழுத்தேன், வந்ததே’ என்பவர்களுக்கும் சொல்கிறேன்: அன்றைக்கு அது மாட்டாத நூல். மாட்டியிருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எக்ஸ்ரேயில்கூட நூல் தெரிவதில்லை, சுருங்கிய குடலை வைத்துத்தான் நாங்களே ஊகிக்கிறோம். இந்தப் பூனைக்குக் குடலில் மூன்று இடத்தில் வெட்ட வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டது.

அதனால் நூல் தெரிந்தால் இழுக்க வேண்டாம், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், எண்ணெய் புகட்ட வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள், ராத்திரியானாலும் சரி.

பேரரசி பொம்மையின் விசிறியில் தொங்கும் வண்ணக் கயிறுகள், கிரீடத்தின் நாடா, அமைச்சர் பொம்மைகளின் அம்பு எல்லாமே பூனைக்கு விளையாட்டுச் சாமான். கிமோனோவில் பூனை அசையாமல் உட்கார்ந்தால் ‘பிடித்திருக்கிறது’ என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் பயத்தில் உறைந்திருக்கும். காது பின்னால் மடிந்திருந்தால் உடனே கழற்றுங்கள்.

பண்டிகை அலங்காரத்துக்கு வைக்கும் பீச் மரக்கிளையைப் பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அதன் இலையும் தண்டும் ஆகாது. பூங்கொத்தில் லில்லி இருந்தால் அது வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும், சிறுநீரகம் போய்விடும். தயவுசெய்து இந்த ஒன்றில் மட்டும் ‘கொஞ்சம்தானே’ என்று சொல்லாதீர்கள்.

பொம்மைகளை எடுத்து வைக்கத் தாமதித்தால் மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையில் பலர் மார்ச் 3 முடிந்ததும் அவசர அவசரமாகக் கட்டுகிறார்கள். அப்போதுதான் பாச்சை உருண்டையும் தரையில் உருளும், அதுவும் பூனைக்கு விஷம்தான். பூனையை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டுங்கள். அப்புறம், பொம்மைகளை எண்ணுவது போலவே விசிறி, வாள், அம்பு, கயிறு எல்லாவற்றையும் எண்ணுங்கள். ஒன்று குறைந்து, எங்கே தேடியும் கிடைக்காவிட்டால், வாந்தி வரும்வரை காத்திருக்காமல் பூனையோடு வந்துவிடுங்கள்.