‘கன்ட்ரி’ நாட்டுப்புறமா?

டாலி பார்ட்டனை ‘அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி’ என்று எழுதியதை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். அவர் பாடுவது ‘கன்ட்ரி’ என்ற அமெரிக்க இசை வகை; அதைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள்.

‘கன்ட்ரி’ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘எதிரே கிடக்கும் நிலம்’ என்பது மூலப்பொருள். பிறகு தேசம், நகரத்துக்கு வெளியே உள்ள பகுதி என்று இரண்டு பொருள் பிடித்துக்கொண்டது. இசைக்குப் பெயரானது இரண்டாவது.

அப்படியானால் நாட்டுப்புறம் சரிதானே என்பார்கள். அகராதிப்படி சரி. ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நாட்டுப்புறப் பாடல் என்றால் நமக்கு நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. யார் கட்டியது என்று கேட்க மாட்டோம். கன்ட்ரி 1920களிலிருந்து இசைத்தட்டு வியாபாரத்தோடு வளர்ந்தது. டாலியின் எழுபதுகளையே பாருங்கள். கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1967 முதல் பாடிவந்தவர், 1974இல் விலகித் தனியாகக் கிளம்பினார். அந்தப் பிரிவுக்காக எழுதிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார் எல்விஸின் மேலாளர். டாலி அழுதார், ஆனால் கொடுக்கவில்லை. ஒப்பாரிக்கு எந்தப் பாட்டி பதிப்புரிமை பேசினாள்?

அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்ட் 1940களில் இந்தப் பாட்டுகளை ‘ஃபோக்’, அதாவது நாட்டுப்புறம், என்றுதான் பட்டியலிட்டது. 1949இல் ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்று மாற்றியது. அவர்களே கழற்றிப் போட்ட சட்டையை நாம் ஏன் எடுத்து மாட்டிவிட வேண்டும்? அந்த ‘வெஸ்டர்ன்’ இன்னொரு கூத்து. அது அமெரிக்காவின் மேற்குப் பகுதி, கௌபாய்களின் ஊர். அதை ‘மேற்கத்திய இசை’ என்று எழுதினால் நம் ஆளுக்கு பீத்தோவன்தான் ஞாபகம் வருவார்.

மாற்றுச் சொற்களும் தேறவில்லை. ‘நாட்டிசை’ என்றால் நாட்டுக்கோழி, நாட்டு மருந்து வரிசையில் உள்ளூர்ச் சரக்காகிவிடுகிறது. ‘ஊரக இசை’ என்றால் பி.டி.ஓ. ஆபீஸில் மனு கொடுக்கப் போன மாதிரி இருக்கிறது. தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் ஜாஸை ஜாஸ் என்றும் ராக்கை ராக் என்றும் விட்டுவைத்த நமக்குக் கன்ட்ரி மட்டும் என்ன பாவம் செய்தது? ‘கன்ட்ரி இசை’ போதும்.

1977இல் டாலியின் ‘ஹியர் யூ கம் அகெய்ன்’ பாட்டு பாப் பட்டியலிலும் ஏறியது; மறு ஆண்டு கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் டாலிக்கு ஆண்டின் சிறந்த கலைஞர் விருது கொடுத்தது. அந்த அமைப்பின் பெயரை ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன்: ‘தேசிய இசைக் கழகம்’.