காசைத் தின்னும் கடை

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மகன் விளையாடும் இணைய விளையாட்டில், இரண்டு மாதங்களுக்கு முன்பு 800 பொற்காசுக்குக் கிடைத்த ஒரு வாள் இப்போது 2,400 காசாம். இடையில் ஒரு வாரம் திருவிழா என்று எல்லோருக்கும் காசை இரட்டிப்பாகக் கொடுத்தார்களாம். அங்கே மழை பொய்க்கவில்லை, டீசல் விலை ஏறவில்லை, வாள் அடிக்கக் கொல்லர்கூட இல்லை. பிறகு விலைவாசி மட்டும் ஏன் ஏறவேண்டும்?" கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி நாம் கடை என்று நினைத்திருப்பதையே தலைகீழாக்கிவிடுவதால், அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

அந்த வாளை யார் விற்கிறார்கள் என்பதை முதலில் கவனிக்கவேண்டும். இத்தகைய விளையாட்டுகளில் பெரும்பாலும் இருவகை விற்பனை நடக்கிறது. குதிரை, மருந்து, வண்ண உடை போன்றவற்றை விளையாட்டின் கணினியே நடத்தும் கடை நிலையான விலைக்கு விற்கிறது. அரிய வாள், மோதிரம் போன்றவற்றை விளையாடுவோர் தங்களுக்குள் ஏலம் விட்டுக்கொள்கிறார்கள். சிறுவன் சொல்லும் விலையேற்றம் இந்த இரண்டாம் சந்தையில்தான் நிகழ்ந்திருக்கும். கணினிக் கடையின் குதிரை அதே விலையில்தான் நின்றுகொண்டிருக்கும். ஏலத்தில் கொடுத்த காசு இன்னொருவர் பைக்குப் போகிறது, நாளை அவர் அதைக் கொண்டு வேறொன்று வாங்குவார். கணினிக் கடையில் கொடுத்த காசு எங்கும் போவதில்லை. அந்தக் கடைக்காரருக்குக் குடும்பமும் இல்லை, கொள்முதலும் இல்லை. அவர் கைக்குப் போன கணமே காசு அழிந்துவிடுகிறது. விளையாட்டை நடத்துபவருக்கு அந்தக் கடை ஒரு விற்பனை நிலையமே அல்ல, சுற்றிலும் பொருள்களை அடுக்கி அலங்கரித்த ஓர் எரி உலை.

உலை எதற்கு என்றால், மறுபக்கம் அச்சகம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அரக்கனை வீழ்த்தினால் காசு, ஏவிய வேலையை முடித்தால் காசு, சிலவற்றில் அன்றாடம் தலைகாட்டினாலே காசு. இவற்றில் எதுவும் இன்னொருவரிடமிருந்து வருவதில்லை, வெற்றிடத்திலிருந்து பிறக்கிறது. பதினாயிரம் பேர் விளையாடும் ஓர் உலகில் ஆளுக்கு அன்றாடம் 100 காசு பிறக்கிறது என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்குப் பத்து லட்சம், மாதத்துக்கு மூன்று கோடி. அரிய வாள்களின் எண்ணிக்கை அந்த வேகத்தில் பெருகாதபோது, ஒவ்வொரு வாளுக்கும் எதிரே நிற்கும் காசு பெருகிக்கொண்டே போகும். பணவீக்கத்துக்கு மழையும் டீசலும் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆய்வுக்கூடம் கிடைக்காது.

அப்படியானால் காசை அளவோடு அச்சிட்டுவிட்டுச் சுழல விடலாமே என்று தோன்றும். 1997ஆம் ஆண்டு வெளிவந்த அல்டிமா ஆன்லைன் என்ற இணைய விளையாட்டு ஏறக்குறைய அதைத்தான் முயன்றது. உலகத்தின் மொத்த வளத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, பயன்படுத்தித் தேய்ந்த பொருள்களின் வளம் மீண்டும் உலகுக்கே திரும்பிப் புதிய விலங்காகவும் தாதுவாகவும் பிறக்குமாறு அதன் வடிவமைப்பாளர்கள் ஒரு மூடிய சுழற்சியை அமைத்தார்கள். படிக்கும்போது சூழலியல் பாடம் போல அழகாக இருக்கும். ஆனால், மனிதர்கள் பதுக்குவார்கள் என்பதை அந்தச் சுழற்சி கணக்கில் எடுக்கவில்லை. விளையாடுவோர் சட்டைகளையும் தோலையும் இரும்பையும் வீடு நிறையக் குவித்து வைக்க, வளமெல்லாம் பெட்டிகளுக்குள் உறைந்து, வெளியே புதிதாகப் பிறக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. கடைசியில் சுழற்சியைக் கைவிட்டு, ஒரு பக்கம் திறந்த குழாய், மறுபக்கம் திறந்த வடிகால் என்ற ஏற்பாட்டுக்கு மாறினார்கள். இணைய விளையாட்டுகளை வடிவமைப்போர் இன்றும் குழாய், வடிகால் என்ற இந்தச் சொற்களில்தான் பேசுகிறார்கள்.

எனக்கு அந்த வடிகாலின்மீது தனிக் காதல் உண்டு. எல்லா வடிகாலும் ஒன்றல்ல என்பதுதான் காரணம். அதை விளக்க நம் ஏரியைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை.

ஓர் ஏரிக்கு வரத்துக்கால் வழியாக நாள்தோறும் ஒரே அளவு நீர் வருகிறது என்று கொள்வோம். நீரை வெளியேற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாடு பூட்டிக் கவலை கட்டி, சால் என்னும் பெரிய வாளியால் இறைப்பது. ஏரியில் நீர் முழங்கால் அளவு இருந்தாலும் ஆள் உயரம் இருந்தாலும் ஒரு நாளைக்கு இத்தனை சால் என்பது மாறாது. இன்னொன்று, கலங்கல், அதாவது மிகுநீர் வழிந்தோடக் கரையில் விட்ட தாழ்வான வழி. நீர்மட்டம் கலங்கலுக்கு மேலே ஏற ஏற, அதன்மீது வழியும் நீரும் கூடிக்கொண்டே போகும். இறைப்பை மட்டும் நம்பிய ஏரியில் வரவு ஒரு சால் கூடுதலாக இருந்தாலும் போதும், மட்டம் நாள்தோறும் ஏறி ஒரு நாள் கரையை உடைக்கும். வரவு ஒரு சால் குறைந்தால் ஏரி வறண்டு போகும். இரண்டுக்கும் நடுவே நிற்பது கயிற்றின்மேல் நடப்பது போன்றது. கலங்கல் வைத்த ஏரியிலோ, மட்டம் ஏறும்போது வெளியேற்றமும் ஏறி, வரவும் செலவும் சமமாகும் ஓர் உயரத்தில் நீர் தானாகவே நின்றுகொள்கிறது. அந்த உயரத்தை யாரும் அளந்து பார்க்கவேண்டியதில்லை, யாரும் காவல் இருக்கவேண்டியதுமில்லை.

கணினிக் கடையின் நிலையான விலைப் பொருள்கள் கவலை இறைப்பு போன்றவை. குதிரை 500 காசு என்றால், பணக்காரருக்கும் ஏழைக்கும் 500 தான். ஆளுக்கு ஒரு குதிரை வாங்கியபின் அந்த வடிகாலே அடைத்துக்கொள்ளும். கலங்கல் என்பது விழுக்காட்டுக் கட்டணம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் வழக்கமான ஏலக்கூடம் ஒவ்வொரு விற்பனையிலும் 5 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு அழித்துவிடுகிறது. காசு பெருகினால் விலை ஏறும், விலை ஏறினால் அந்த 5 விழுக்காடும் பெருகும், ஆகவே வீக்கம் தன்னைத்தானே கடித்துக்கொள்ளத் தொடங்குகிறது.

நம் கற்பனை உலகத்துக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். நாளொன்றுக்குப் பத்து லட்சம் காசு பிறக்கிறது. புழங்கும் மொத்தக் காசில் அன்றாடம் 2 விழுக்காடு ஏதோ ஒரு கட்டணத்தில் அழிகிறது என்று கொள்வோம். மொத்தம் ஐந்து கோடியை எட்டும்போது அதன் 2 விழுக்காடு பத்து லட்சம் ஆகிவிடுவதால், உலகம் அங்கே நின்றுவிடும். வெறும் கையோடு தொடங்கினாலும் ஐந்து கோடிதான், தவறுதலாக இருபது கோடியை அள்ளி இறைத்துவிட்டாலும் காலப்போக்கில் ஐந்து கோடிதான். அந்த இலக்குக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள இடைவெளி சுமார் 35 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். பள்ளியில் கதிரியக்கத்துக்குப் படித்த அரையாயுள் கணக்கேதான் இது. நாள்தோறும் ஒரே அளவில் விழுங்கும் பல மாத்திரைகள் இரத்தத்தில் ஒரு மட்டத்துக்கு வந்து நிற்பதும் இதே கணக்கால்தான்.

கட்டணம் என்றால் யாருக்கும் கசக்கும் என்பதுதான் இதிலுள்ள ஒரே சிக்கல். பொழுதுபோக்க வந்த இடத்திலும் வரியா என்று சலித்துக்கொள்வார்கள். ஆகவே, கேட்காமலேயே காசைக் கொண்டுவந்து கொட்டச் செய்யும் வடிகாலே வடிவமைப்பாளரின் திறமைக்கு உரைகல். அந்த வகையில் நான் அறிந்த மிகச் சிறந்த வடிகால் டயாப்லோ 2 விளையாட்டில் இருந்தது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த அதில் பொற்காசு எளிதில் குவிந்து, சுமக்கும் அளவுக்கும் வரம்பு இருந்ததால், பண்டமாற்றுக்கு ஒருவரும் அதைச் சீந்தவில்லை. அதற்குப் பதிலாக, ஸ்டோன் ஆஃப் ஜோர்டன் என்ற மோதிரத்தை மக்களே பணமாக்கிக்கொண்டார்கள். பையில் ஒரே ஒரு கட்டத்தைத்தான் அது அடைக்கும், எந்தப் பாத்திரத்தை ஏற்றவருக்கும் பயன்படும், அரியதும்கூட. பொன் ஏன் பணமாயிற்று என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களும் ஏறக்குறைய இவைதாம். பிறகு நிரல் ஓட்டைகளைப் பயன்படுத்திச் சிலர் அந்த மோதிரத்தை நகலெடுக்கத் தொடங்க, கள்ள நாணயம் வெள்ளமாகப் பெருகிற்று.

விளையாட்டை இயக்கும் வழங்கிக் கணினிகளைத் துருவிக் கள்ள மோதிரங்களை அழிக்கும் வேலை ஒருபுறம் இருக்க, 2003ஆம் ஆண்டின் 1.10 பதிப்பில் ஒரு புது விதியைச் சேர்த்தார்கள். விளையாடுவோர் இந்த மோதிரங்களைக் கணினிக் கடைக்காரரிடம் விற்கவேண்டும். இதுவரை இத்தனை மோதிரங்கள் விற்கப்பட்டன என்ற அறிவிப்பு அந்த வழங்கியில் விளையாடும் அனைவரின் திரையிலும் தோன்றும். எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டியதும் நிலம் அதிர, சாதாரண ஆட்டத்தில் காணமுடியாத ஒரு பேரரக்கன் எழுவான். அவனை வீழ்த்தினால் வேறெங்கும் கிடைக்காத ஒரு தாயத்து கிடைக்கும். கள்ள நாணயத்தை அதன் சொந்தக்காரர்களே தேடிப்பிடித்து, ஒருவரோடு ஒருவர் பேசி ஒத்துழைத்து, ஆர்வத்தோடு உலையில் போட்டார்கள். செல்லாத நோட்டைத் திரும்பப் பெற வரிசையில் நிறுத்தாமல், அதை எரிப்பதையே திருவிழாவாக்கிய இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் பொறாமையும் சேர்ந்தே வருகின்றன.

வடிகால் பெரிதாகிவிட்டாலும் ஆபத்துதான். 1970களில் வாஷிங்டனின் கேப்பிடல் ஹில் பகுதிப் பெற்றோர் சிலர், ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டுறவு நடத்தி, அரைமணி நேரத்துக்கு ஒரு சீட்டு என்று புழங்கினார்கள். சங்கத்துக்கான சந்தாவும் சீட்டாகவே வசூலிக்கப்பட்டதில் சீட்டு அருகிப்போக, இருப்பதைச் செலவழிக்க ஒவ்வொருவரும் தயங்கினார்கள். ஒருவர் வெளியே போனால்தான் மற்றவருக்குக் குழந்தை பார்க்கும் வேலை கிடைக்கும் என்பதால், எல்லோரும் வீட்டிலேயே அடைந்து கிடந்தார்கள். கூடுதல் சீட்டு அச்சிட்டபின் நிலைமை மாறியது. பிறகு அதுவே அளவுக்கு மிஞ்சிப் போய், பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத நிலை வந்தது.

குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்பதை டயாப்லோ 3 காட்டியது. 2013ஆம் ஆண்டு மே மாதம், ஏலக்கூடத்தில் ஒரே முறையில் விற்கக்கூடிய பொற்காசின் அளவை உயர்த்தியபோது, கணினி ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய 32 பிட் இடத்துக்குள் அடங்காத பெரிய எண்களைக் கணக்கு தவறாகப் படித்தது. ஏலத்தை ரத்து செய்தவருக்குப் போட்டதைவிடக் கூடுதலாகக் காசு திரும்பிவர, ஏலக்கூடத்தையே தற்காலிகமாக மூடவேண்டியதாயிற்று. பொருள்களைத் தேடிப் போரிடுவதை விட்டுவிட்டு எல்லோரும் சந்தையிலேயே நிற்கிறார்கள் என்ற வேறொரு காரணத்துக்காக, 2014 மார்ச் 18 அன்று அந்த ஏலக்கூடம் நிரந்தரமாகவே மூடப்பட்டது.

இதெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளின் சமாசாரம் என்று ஒதுக்கும் பேராசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்ற பொருளியலாளர் 2001ஆம் ஆண்டிலேயே எவர்குவெஸ்ட் விளையாட்டின் உலகத்தை ஒரு நாடாகவே பாவித்து அளந்து, அதன் காசு ஒன்று 0.0107 அமெரிக்க டாலருக்கு, அதாவது அன்றைய ஜப்பானிய யென்னையும் இத்தாலிய லிராவையும்விடக் கூடுதல் விலைக்கு, கைமாறுவதைக் காட்டினார். ஈவ் ஆன்லைன் நடத்தும் ஐஸ்லாந்து நிறுவனம் 2007இல் முழுநேரப் பொருளியலாளர் ஒருவரையே பணியில் அமர்த்தியது. உண்மையான நாட்டில் ஒரு பாதி மக்களுக்கு மட்டும் வரியை மாற்றிப் பார்க்க எந்த அரசும் அனுமதிக்காது; இங்கே ஒவ்வொரு காசின் பிறப்பும் இறப்பும் பதிவாகிறது. நம் பல்கலைக்கழகங்கள் இதற்கு ஒதுக்கும் நிதி ஒரு கருத்தரங்கின் தேநீர்ச் செலவுக்கு மேல் இருந்தால் நல்லது.

வாசகியின் மகனிடம் வருவோம். திருவிழா வாரத்தில் கூடுதலாகப் பிறந்த காசுதான் வாளின் விலையைத் தூக்கியிருக்கவேண்டும். அந்த விளையாட்டின் ஏலத்தில் விழுக்காட்டுக் கட்டணம் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். இருந்தால், அந்தக் கூடுதல் காசு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து விலையும் இறங்கும், காத்திருக்கலாம். இல்லாவிட்டால், நடத்துபவர்கள் விரைவில் கணினிக் கடையில் பளபளக்கும் சிறகோடு ஒரு புதிய குதிரையைப் பெரிய விலையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மற்றவர்கள் முண்டியடித்து அதை வாங்கட்டும், நம் பையன் அந்த வாரம் கழித்து ஏலக்கூடத்துக்குப் போனால் போதும்.