புதுப் பெயின்டுக்கு அடியில் பழைய துரு

பழைய காருக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வருபவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். அதே நிறமா, வேறு நிறமா, மெட்டாலிக் எடுபடுமா, பளபளப்பு எத்தனை ஆண்டு நிற்கும் என்பவைதாம் அவர்களுடைய கேள்விகள். கதவின் அடி ஓரத்தில் கடுகளவில் நான்கைந்து புடைப்புகள் இருப்பதைக் காட்டினால், அதைத் தேய்த்துப் பட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கும் பசை) போட்டு அடித்துவிடலாமே என்பார்கள். டிங்கரிங், பெயின்டிங் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாக்கியந்தான். அந்தப் புடைப்பு, பெரும்பாலான பழைய வண்டிகளில், தகட்டின் உள்பக்கத்தில் எப்போதோ தொடங்கிய துரு வெளியே வந்து சேர்ந்திருக்கும் கடைசி இடம். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டை அடித்தாலும், உள்ளே நடந்துகொண்டிருப்பது நிற்காது.

துரு பிடிக்க இரும்பும் நீரும் ஆக்சிஜனும் போதும். நீரில் உப்பு கரைந்திருந்தால் அது மின்னோட்டத்தை நன்றாகக் கடத்துவதால் வேகம் கூடுகிறது. கடலோரத்தில் ஓடும் வண்டிகளும், பனியை உருக்க உப்புத் தூவும் சாலைகளில் ஓடும் வண்டிகளும் சீக்கிரம் அரிக்கப்படுவது இதனால்தான். அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு இறுக்கமான படலமாக நின்று கீழே உள்ள உலோகத்தைக் காக்கும். இரும்பின் துரு அப்படியில்லை. அது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது, அதனால் பெயின்டைத் தூக்குகிறது; நுண்துளைகள் நிறைந்ததாக இருப்பதால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்கிறது. எந்தப் பெயின்ட் படலமும் நீராவியை முழுமையாகத் தடுப்பதில்லை. துருவின் குழிகளில் கரையக்கூடிய உப்புகள் தங்கியிருந்தால், அவை படலத்தின் வழியாகவே ஈரத்தை உறிஞ்சி இழுத்துக் கொப்புளம் எழுப்பும். ஆகவே காற்றுப் புகாமல் மூடிவிட்டால் துரு செத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

வேலையைத் தொடங்கும் முன் வண்டியை முழுதாகப் பார்க்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை மட்கார்டின் வளைவிலும் கதவின் அடியிலும் வைத்துப் பாருங்கள். பற்றாமல் வழுக்கினால் அங்கே முன்பு யாரோ கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள், அல்லது தகடே போய் ஃபைபர் ஒட்டியிருக்கிறார்கள். பெயின்ட் கனம் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவில் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அது 500, 1000 என்று எகிறினால் அடியில் பட்டி இருக்கிறது என்று பொருள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்றும் அரித்த தகடு சொத்தென்றும் ஒலிக்கும். சந்தேகமான இடத்தைக் கூரான ஊசியால் அழுத்திப் பார்ப்பதை உரிமையாளர்கள் விரும்புவதில்லை. ஆனால் ஊசி இறங்கும் தகடு, நாம் குத்தாவிட்டாலும் ஓட்டைதான்.

கதவின் அடிப்பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் துருவின் போக்கு முழுவதும் அதில் தெரியும். கதவுக் கண்ணாடியின் மேல் விழும் மழைநீரில் ஒரு பகுதி, ரப்பர் பட்டையைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அதற்காகவே கதவின் அடியில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சேரும் தூசியும் இலைத்தூளும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், கதவுக்குள் ஈரச்சேறு தேங்கி நிற்கும். வெளித்தகட்டின் ஓரம் உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தப்பட்டிருக்கும் அந்த மடிப்புக்குள் இந்த ஈரம் ஏறிக்கொள்ளும். இரண்டு தகடுகளுக்கு இடையே தொழிற்சாலைப் பூச்சு சரியாகச் சேராமல் போகக்கூடிய இடமும் அதுதான். உள்ளே துரு பருத்து மடிப்பைப் பிளக்க, வெளியே நமக்கு நான்கைந்து புடைப்புகள் மட்டும் தெரிகின்றன. அவற்றைத் தேய்த்து எடுத்துவிட்டு, அடைபட்ட துளையைத் தொடாமல் பெயின்ட் அடித்தால், முதல் மழையிலேயே அதே சேறு மறுபடி நனையும். அதனால்தான் எந்தத் துருவைப் பார்த்தாலும் இதற்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் நான் தகட்டைத் தேய்க்கும் கிரைண்டரைக் கையில் எடுப்பதில்லை.

முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கும் இதே போன்ற ஏமாற்றும் இடம். பீடிங்கை ஒட்டி மாஸ்கிங் டேப் போட்டு அடிப்பது சுலபம். ஆனால் துரு இருப்பது பீடிங்குக்கு அடியில் உள்ள தகட்டு விளிம்பில். கண்ணாடியைக் கழற்றாமல் அந்த விளிம்பைச் சுத்தம் செய்ய வழியே இல்லை. வைப்பருக்குக் கீழே இலைகள் சேரும் பள்ளம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, தரைக் கம்பளத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒலித்தடுப்புத் தாள், அமிலம் கசிந்த பேட்டரித் தட்டு, ஜாக்கி வைக்கும் இடங்கள் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். கம்பளத்தைத் தூக்கும்போது ஈர வாடை வந்தால், பெயின்ட் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டுக் கசிவைத் தேடுங்கள்.

அடுத்தது துருவை எடுக்கும் வேலை. கிரைண்டரில் கம்பி பிரஷை மாட்டித் தேய்த்தால் சில நிமிடங்களில் தகடு பளபளவென்று ஆகிவிடும். பார்ப்பவருக்கு அது சுத்தமாகத் தோன்றும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள்: மேட்டுப்பகுதிகள் மின்னும், அவற்றுக்கு இடையே ஊசிமுனை அளவுக் குழிகள் கருப்பாகவே நிற்கும். கம்பி பிரஷ் துருவை எடுப்பதைவிட அதை மெருகேற்றிக் குழிக்குள் அழுத்திவிடுவதே அதிகம். அந்தக் கருப்புப் புள்ளி ஒவ்வொன்றும் பின்னால் ஒரு புடைப்பு. உதிரும் செதில்களை எடுக்க மட்டும் கம்பி பிரஷைப் பயன்படுத்தி, அதன்பின் நைலான் ஸ்ட்ரிப் டிஸ்க்கோ 80 எண் உப்புத்தாளோ கொண்டு தகட்டை வெள்ளி நிற வெறும் உலோகமாக்க வேண்டும். கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்திக் குழியைத் துரத்தக் கூடாது. பழைய கார்களின் வெளித்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, சற்று அதிகம் அழுத்தினால் துருவோடு தகடும் போகும், சூட்டில் நெளியவும் செய்யும். ஆழக் குழிகளுக்கு, காற்றழுத்தத்தில் துகள்களை வீசும் சிறிய மணல்வீச்சுக் கருவி சிறந்தது. அகலமான தட்டைப் பகுதிகளில், பானெட்டிலும் கூரையிலும், அதிக அழுத்தத்தில் வீசினால் தகடு உப்பிவிடும்; அங்கே வேண்டாம். சிலிக்கா மணலை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள், அதன் தூசி நுரையீரலை மீளாத அளவுக்குக் கெடுக்கும்.

துருவை மாற்றும் திரவங்களைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. பாஸ்பாரிக் அமிலம் உள்ளவை துருவை இரும்புப் பாஸ்பேட்டாகவும், டானிக் அமிலம் உள்ளவை கருநீல இரும்பு டானேட்டாகவும் மாற்றுகின்றன. குழிக்குள் எஞ்சியிருக்கும் மெல்லிய துருவுக்கு அவை உதவும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தடித்த செதிலின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் மாறி, அடியில் உள்ளது அப்படியே இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு: அமிலத்தின் மிச்சம் தகட்டில் தங்கினால் அதன் மேல் அடிப்பூச்சாக அடிக்கும் எபாக்சி ப்ரைமர் சரியாக இறுகாமல் போகலாம். பல எபாக்சி ப்ரைமர்களுக்குத் தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. எந்தத் திரவத்தின் மேல் எந்த ப்ரைமர் ஒத்துப்போகும் என்பதைத் தரவுத்தாளைப் படித்து உறுதி செய்யாமல் இரண்டையும் கலந்து வேலை செய்ய வேண்டாம்.

ஓட்டை விழுந்த தகட்டுக்குப் பட்டியும் ஃபைபரும் மருந்தல்ல. பின்பக்கத்திலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்க, முன்பக்கத்தில் அடைப்பது துருவுக்கு மறைவிடம் கட்டிக்கொடுப்பதுதான். நல்ல உலோகம் தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத்தகடு வைத்து, சூட்டில் நெளியாதபடி இடம் மாற்றி மாற்றிப் புள்ளியாக வெல்டு வைக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், பின்பக்கத்தில் பஞ்சு, வயர், எரிபொருள் குழாய் இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்யவே கூடாது. அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகலாம். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப்பகுதி, சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், சீட் பெல்ட் நங்கூரம் ஆகியவற்றில் துரு இருந்தால் அது அழகைத் தாண்டிய பிரச்சினை. தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாத கார்களில் இந்தத் தகடுகள்தாம் வண்டியைத் தாங்குகின்றன; விபத்தில் உயிரைக் காப்பவையும் அவையே. அங்கே ஒட்டுப்போட்டுப் பெயின்ட் அடித்துத் தரும்படி கேட்டால் நான் மறுத்துவிடுவேன்.

வெறும் தகடு வெளியே தெரிந்துவிட்டால் நேரம் நமக்கு எதிராக ஓடத் தொடங்கும். கையுறை இல்லாமல் தொட்டால் வியர்வையின் உப்பு விரல்தடமாகப் பதிந்து, அந்த இடத்திலேயே துரு பூக்கும். எண்ணெய் நீக்கும் திரவத்தை ஒரு துணியால் நனையத் தடவி, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. அன்றே எபாக்சி ப்ரைமர் அடித்துவிட வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டியிருந்தாலோ, தகட்டின் வெப்பம், காற்றின் ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இல்லாவிட்டாலோ காத்திருப்பதே சரி. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல் எந்த ப்ரைமரும் நிலைக்காது.

பட்டியை வெறும் தகட்டில் நேராகப் போடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். பல பட்டிகளின் தயாரிப்பாளர்களும் அதை அனுமதிக்கிறார்கள். ஒருமுறை துருப்பிடித்த பழைய தகட்டில் நான் அப்படிச் செய்வதில்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். அதற்கும் தகட்டுக்கும் நடுவில் ஈரம் எளிதில் புகாத எபாக்சி ஒரு படலம் இருக்கட்டும் என்பது என் முறை. இதே காரணத்தால் பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதையும் தவிர்க்கிறேன். பட்டிக்கு மேல் அடிக்கும் சாம்பல் நிற சர்ஃபேசரும் ஈரம் புகக்கூடியதே. செலவு நெருக்கடியில் வண்டியைச் சர்ஃபேசரோடு எடுத்துப் போய், மாதக்கணக்கில் மழையில் ஓட்டிவிட்டுப் பிறகு நிறம் அடிக்க வருபவர்கள் உண்டு. அப்படி நிறுத்த வேண்டிய நிலை வந்தால் கடைசிப் பூச்சு எபாக்சியாக இருக்கும்படி சொல்லி வாங்குங்கள்.

தகடுகள் சேரும் இடங்களில் பாலியூரித்தேன் சீலரை எபாக்சியின் மேல் பூச வேண்டும். சிலிகான் பக்கமே போக வேண்டாம், அதன் சுவடு பட்ட இடத்தில் பெயின்ட் மீன்கண் போலக் குழிந்து விலகும். நிறமும், அதன் மேல் வரும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியரும் அடிப்பதைப் பற்றி இங்கே சொல்ல அதிகமில்லை. அடித்தளம் சரியாக இருந்தால் அந்த வேலை தன்னால் ஒழுங்காக வரும். இறுகச் செய்யும் ஹார்டனர் கலக்கும் பெயின்டுகளில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருப்பதால், துணி முகமூடியோடு அடிப்பது ஆஸ்துமாவை விலைக்கு வாங்குவதாகும் என்பதை மட்டும் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு அழுத்தமாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் தேய்க்கும்போதும் தூசி உள்ளே போகக் கூடாது.

பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை அடிக்கடி விட்டுப்போகிறது. கதவுக்குள்ளும் பெட்டிப்பகுதிக்குள்ளும் வெல்டு வைத்த இடங்களின் பின்பக்கத்திலும், நீளமான குழாய் முனையால், துருவைத் தடுக்கும் உட்குழி மெழுகைப் பீய்ச்ச வேண்டும். வெல்டிங் சூட்டில் பின்பக்கப் பூச்சு எரிந்து வெறும் இரும்பு வெளிப்பட்டிருக்கும். அதைத் தொட்டுப் பூச நமக்கு வேறு வழியில்லை. மெழுகு பெயின்டை ஒட்டவிடாது என்பதால்தான் இதைக் கடைசியில் செய்கிறோம். பீய்ச்சி முடித்ததும் வடிகால் துளைகள் ஒவ்வொன்றையும் குச்சியால் குத்தித் திறந்துவிட வேண்டும், மெழுகே அவற்றை அடைத்திருக்கும். வண்டியின் அடிப்பக்கத்தில் கருப்பு ரப்பர் பூச்சு அடிக்கச் சொல்பவர்கள், துரு முழுவதும் எடுத்து எபாக்சி அடித்த பிறகே அதை அனுமதியுங்கள். துருவின் மேல் அது விழுந்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், அரிப்பு எவ்வளவு தூரம் போயிற்று என்று பார்க்கவும் முடியாது.

வண்டியைக் கொடுக்கும்போதே உரிமையாளர்கள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: துரு எடுத்து முடித்து ப்ரைமர் அடிப்பதற்கு முன், வெறும் தகடாக இருக்கும் வண்டியை நேரில் பார்க்க வேண்டும், அல்லது விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த படங்களாவது வேண்டும். நேர்மையாக வேலை செய்பவர் இதற்குத் தயங்க மாட்டார். கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள்; பட்டி எங்கே வரப்போகிறது, அது எத்தனை மில்லிமீட்டர் கனம், கண்ணாடி கழற்றப்பட்டதா, கதவின் வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வேலை ஓரிரு நாள் தள்ளிப்போகும் என்று சொன்னால் சம்மதியுங்கள்.