பச்சைப் புல்லுக்குள் வாழும் பூஞ்சை

நியூசிலாந்தில் கோடை முற்றும் மாதங்களில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடும் பண்ணைக்காரர்கள் பலரும் ஒன்றையே சொல்வார்கள்: "நிற்கும்போது நல்லாத்தான் இருக்கு, விரட்டினா விழுந்துடுது." தூர நின்று பார்த்தால் செம்மறியின் தலை லேசாக நடுங்கும். நாய் நெருங்கியதும் கால் விறைத்து, துள்ளி ஓடிச் சரியும். தொந்தரவு செய்யாமல் விட்டால் சில நிமிடங்களில் தானே எழுந்து மேயும்.

மக்னீசியக் குறைவு என்று நினைத்து ஊசி போடச் சொல்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் இளவேனிலில், ஈன்ற பசுக்களுக்கு வருவது. இங்கே காரணம் இந்தச் செம்மறிகள் மேயும் ரைகிராஸ் என்ற தீவனப் புல்தான். எபிக்ளோயி என்ற பூஞ்சை அதன் செல்களுக்கு இடையே வாழ்கிறது. வெளியே புள்ளியோ பூசணமோ நாற்றமோ இருக்காது. விதை வழியே அடுத்த தலைமுறைப் புல்லுக்குப் போய்விடும். இந்தப் பூஞ்சைக்கும் ஆடுகளின் தள்ளாட்டத்துக்கும் உள்ள தொடர்பு 1981இல்தான் வெளிவந்தது.

நரம்பைப் பாதிப்பது பூஞ்சை உண்டாக்கும் லோலிட்ரெம் பி என்ற நஞ்சு. புல்லின் அடி இலையுறையிலும் கதிரிலும் இது அதிகம். அதனால்தான் வறட்சியில், புல்லை ஒட்ட மேயவிடும்போது நோய் கிளம்புகிறது.

பூஞ்சையே இல்லாத விதையை விதைத்தால் போதாதா என்பார்கள். விதைத்துப் பார்த்தார்கள், அர்ஜென்டினா கூன்வண்டு புல்லைத் தின்று தீர்த்தது. அதே பூஞ்சை தரும் பெராமைன் என்ற இன்னொரு வேதிப்பொருள்தான் அந்த வண்டை விரட்டுகிறது. எனவே பூஞ்சையை எதிரி என்று சொல்ல எனக்கு மனமில்லை. பெராமைனைத் தந்து லோலிட்ரெம் பியைத் தராத ஏஆர்1 என்ற பூஞ்சை வகையைத் தேர்ந்தெடுத்து விதையில் ஏற்றியது நல்ல வேலை. ஆனால் உழ முடியாத மலைச்சரிவுகளின் பழைய புல்வெளிகளில் இன்றும் பழைய பூஞ்சைதான்.

இந்த நஞ்சை முறிக்க மருந்து கிடையாது. ஆனால் புல்லை மாற்றினால் ஆடுகள் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தேறிவிடும். நாயை விடாமல், அவசரப்படுத்தாமல், குளோவர், சிக்கரி போன்ற வேறு தீவனச் செடிகள் உள்ள வயலுக்கு மெல்ல நடத்துங்கள். அதே புல்லின் காய்ந்த வைக்கோலைப் போடாதீர்கள், நஞ்சு அதிலும் நிற்கும். ஓடை, பள்ளம் இருக்கும் பக்கம் விடவே வேண்டாம்: இந்த நோயில் சாகும் ஆடுகளில் பல, விழுந்தும் மூழ்கியும்தான் சாகின்றன. குதிரைக்கு வந்திருந்தால் யாரும் ஏறக் கூடாது.

சந்தேகம் இருந்தால் புல்லை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மேல் இலையைக் கிள்ளி அனுப்பினால் பயனில்லை. தூரை மண்மட்டத்தை ஒட்டி அறுத்து அனுப்ப வேண்டும்.