ஹின்ற்: குறிப்பா, துப்பா, உதவிக்குறிப்பா?

வெள்ளவத்தை ரியூசன் வகுப்பில் “சேர், ஒரு ஹின்ற் தாங்கோ” என்று கேட்கும் பிள்ளை, வீட்டில் கைப்பேசியில் பயிற்சி வினா செய்யும்போதும் அதே சொல்லைத்தான் தேடுகிறது. திரையிலோ ஒரு தளத்தில் ‘குறிப்பு’, இன்னொன்றில் ‘துப்பு’, வேறொன்றில் ‘உதவி’.

ஆங்கிலத்தில் இதன் வேர் ‘ஹென்ரன்’ என்ற பழைய வினை. பற்றிப் பிடித்தல் என்று பொருள். பற்றிக்கொள்ளத்தக்க வாய்ப்பு என்ற பொருளுக்கு நகர்ந்து, பின்னர் சாடையாகச் சொல்வதைக் குறிக்கலாயிற்று. ‘க்ளூ’ வேறு குடும்பம்: அது நூற்பந்து. சிக்குவழிக்குள் போன தீசியஸ் என்ற வீரன் நூலைப் பிடித்துத் திரும்பிய கிரேக்கக் கதையிலிருந்து வந்தது. துப்பு அதற்குத்தான் பொருந்தும். துப்பைத் தேடி எடுக்க வேண்டும். ஹின்ற்றை ஒருவர் தருகிறார்.

ஆகவே குறிப்பு. ‘குறி’ என்பதிலிருந்து வந்த சொல். வெளிப்படச் சொல்லாமல் உணர்த்துவது அதன் உட்பொருள். இலக்கணத்தில் காலத்தை வெளிப்படக் காட்டுவது தெரிநிலை வினைமுற்று, காட்டாமல் உணரவைப்பது குறிப்பு வினைமுற்று. விடையை விரித்துச் சொல்லிவிட்டால் அது தெரிநிலை, குறிப்பு அல்ல. ஒரு சிக்கல் உண்டு: வினாத்தாளில் ‘குறிப்பு:’ என்றால் கவனிக்க வேண்டிய நிபந்தனை, வகுப்பில் என்றால் நோட்ஸ். அதனால் திரைப் பொத்தானுக்கு ‘உதவிக்குறிப்பு’ என்பதே நல்லது. கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பாது.

சொல்லைவிட எழுதும் முறையில்தான் பிழை அதிகம். ஒரு வினா: 20% கழிவின் (தள்ளுபடியின்) பின் ஒரு சேலை ரூ. 3600, கழிவுக்கு முன் அதில் குறித்திருந்த விலை, அதாவது குறித்த விலை, என்ன? பல பிள்ளைகள் 3600 இன் 20% ஆன 720 ஐக் கூட்டி 4320 என்பார்கள். “நன்றாக யோசியுங்கள்” என்பது இங்கே வெறும் சத்தம். “3600 ஐ 100/80 ஆல் பெருக்குங்கள்” என்றால் விடை வரும், விளக்கம் வராது. முதல் உதவிக்குறிப்பு பிழை பிறக்கும் இடத்தைத் தொட வேண்டும்: “20% என்பது எந்தத் தொகையின் 20%?” இரண்டாவது: “குறித்த விலை 100% என்றால், 3600 எத்தனை சதவீதம்?” மூன்றாவது: “80% = 3600. அப்படியானால் 1% எவ்வளவு?” 45 கிடைத்த பிள்ளை 4500 க்குத் தானே போய்விடும். அதற்குப் பிறகும் நிற்பவருக்கு மட்டும் முழுத் தீர்வு.

திருக்குறளின் 71ஆம் அதிகாரம் குறிப்பறிதல்: ஒருவர் சொல்லாமலே அவர் மனத்தில் உள்ளதை அறிதல். அந்த வேலை இங்கே முதலில் எழுதுபவருடையது: பிழையான விடைகளைப் பார்க்காமல் எழுதிய உதவிக்குறிப்பு வினாவையே மறுபடி சொல்லும், அல்லது எழுதியவரின் சொந்த வழிக்குப் பிள்ளையை இழுக்கும். இதே கணக்கைப் பின்னத்தால், 4/5 என்று, செய்கிற பிள்ளைக்கும் முதல் உதவிக்குறிப்பு உதவ வேண்டும். மேலே உள்ளது உதவுகிறது. அது வழியைச் சொல்லவில்லை, எதன் பகுதி என்று மட்டும் கேட்கிறது.

எண்கள் ஆளுக்கு ஆள் மாறும் வினாக்களில் இன்னொரு பொறி. வினாவில் 5200 வந்திருக்க, உதவிக்குறிப்பு 3600 என்றே நிற்கும். அந்த எண்ணும் வினாவோடு சேர்ந்து மாறும்படி இணைக்க வேண்டும். கடைக்காரர் ‘தள்ளுபடி’ என்பார், பாடநூல் ‘கழிவு’ என்கிறது. வினாவில் எது உள்ளதோ அதுவே உதவிக்குறிப்பிலும் வரட்டும். கைப்பேசித் திரையில் இரண்டு வரியைத் தாண்டினால் படிக்கமாட்டார்கள். பொத்தானை அழுத்த அழுத்த அடுத்தடுத்துத் திறந்தால் பிள்ளை கடைசிவரை அழுத்தி விடையை எடுத்துவிடும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு முயற்சியைக் கட்டாயமாக்குங்கள்.